பம்பாயின் கிழக்குக் கடல்: திதி பார்த்துத் துறைமுகம் சுற்ற ஒரு முழு வழிகாட்டி

ஊரிலிருந்து சொந்தங்கள் வந்து இறங்கினால் தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர் வீடுகளில் போடும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான்: மரீன் டிரைவ், ஹாஜி அலி, ஜூஹு. மூன்றும் மேற்குக் கரை. பார்க்க அழகுதான். ஆனால் பம்பாயைப் பம்பாயாக்கிய கடல் கிழக்கில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து அடிக்கும்போது தீவு நிலமே சுவர் போலக் குறுக்கே நிற்கும். அதன் பின்னால், கொங்கண் கரைக்கும் நகரத்துக்கும் நடுவே, ஆழமான அமைதியான நீர்ப்பரப்பு கிடைக்கிறது. சென்னையில் கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவர் கட்டித்தான் துறைமுகம் உண்டாக்க வேண்டியிருந்தது. இங்கே இயற்கையே அதைச் செய்து வைத்திருந்தது. ஆண்டுக்கு பத்து பவுன் குத்தகைக்கு 1668-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தத் தீவுகளை வாங்கிக்கொண்டதற்கு இந்த நீர்ப்பரப்பு பெரிய காரணம்.

இந்தப் பக்கத்தைச் சுற்றிப் பார்க்க நல்ல ஹோட்டலோ பெரிய பணமோ தேவையில்லை. நேரக் கணக்கு தேவை. கடல் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வற்றும் என்று தெரியாமல் கிளம்பினால் பாதி இடங்களில் வெறும் சேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

முதலில் கடல் கணக்கு

மெரினாவிலும் திருச்செந்தூரிலும் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஏற்ற இறக்கம் பெரிய விஷயமாகத் தெரியாது. சென்னையில் கடல்மட்டம் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டரை ஒட்டித்தான். மும்பையில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏற்றம் நாலரை மீட்டரைத் தாண்டும். காலையில் படகு மிதந்த இடத்தில் மாலையில் அதே படகு சேற்றில் சாய்ந்து கிடக்கும். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். மராத்தியில் பர்த்தி, ஓஹோட்டி என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். மறுநாள் இதெல்லாம் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும்.

கொங்கண் கரையில் நெடுங்காலமாகப் புழங்கும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. தமிழ் வீடுகளுக்கு அது இன்னும் எளிது, ஏனென்றால் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரிலேயே திதி இருக்கிறது.

1. அன்றைய திதியின் எண்ணை எடுங்கள். பிரதமை 1, துவிதியை 2, இப்படியே பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் 15. வளர்பிறை, தேய்பிறை இரண்டிலும் பிரதமையிலிருந்து புதிதாக எண்ண வேண்டும்.
2. அதை முக்காலால் பெருக்குங்கள். வருவதுதான் ஏற்றத்தின் மணி. சதுர்த்தி என்றால் 4 × ¾ = 3. பகல் மூன்று மணிக்கும், அதிகாலை மூன்று மணியை ஒட்டியும் கடல் நிறைந்திருக்கும்.
3. அதோடு ஆறு மணியைக் கூட்டினாலோ கழித்தாலோ வற்றம். சதுர்த்தியன்று காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும் கடல் கீழே இறங்கியிருக்கும்.
4. இந்தக் கணக்கில் முன்பின் ஒரு மணி நேரம் பிசகும். பௌர்ணமிக்கு 11.15 என்று வரும், உண்மையில் பன்னிரண்டைத் தாண்டுவதே வழக்கம். நாளைத் தேர்ந்தெடுக்க இது போதும். கிளம்பும் காலையில் போனில் மும்பைக்கான ஓத (கடல் ஏற்ற வற்ற) அட்டவணையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அஷ்டமி, நவமியை ஒட்டி ஏற்றமும் சிறிது, வற்றமும் சிறிது. கடல் முழுதாக வற்றினால்தான் நடந்து போக முடியும் என்கிற இடங்களுக்கு அந்த நாட்கள் உதவாது.

ரயில், டாக்ஸி, உடுப்பு

இந்தப் பக்கம் முழுக்க ஹார்பர் லைன் என்கிற லோக்கல் ரயில் தடம்தான் முதுகெலும்பு. இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று ஓடியது இந்தத் தடத்தில்தான், அன்றைய விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை. செம்பூர், திலக் நகர், சுனாபட்டி, ஜிடிபி நகர், வடாலா என்று நம் ஆட்கள் நிறைய இருக்கும் இடங்களைத் தொட்டுக்கொண்டு சிவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு, டாக்யார்ட் ரோடு வழியாக சிஎஸ்எம்டி, அதாவது அதே பழைய விக்டோரியா டெர்மினஸ், வரை போகும். சயானிலும் மாட்டுங்காவிலும் இருப்பவர்கள் மெயின் லைன் ஸ்லோ வண்டியில் நேராக சிஎஸ்எம்டி போய்விடலாம்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதானால் முந்தின நாளே மெகா பிளாக் அறிவிப்பைப் பாருங்கள். பராமரிப்புக்காக ஞாயிறு பகலில் பல மணி நேரம் ஏதாவது ஒரு பகுதியில் வண்டி ஓடாது. விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு வடாலா பிளாட்பாரத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான்.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத இன்னொரு விஷயம்: ஆட்டோ சயானுக்கும் பாந்த்ராவுக்கும் தெற்கே வராது. தீவு நகரத்துக்குள் கறுப்பு மஞ்சள் டாக்ஸி, பெஸ்ட் பஸ், ஆப் வண்டி, இவைதான். சிஎஸ்எம்டியில் இறங்கி ஆட்டோ தேடி நின்றுவிடாதீர்கள்.

மீன் இறங்கு தளத்துக்குப் போகும் நாளில் பழைய ரப்பர் செருப்பும், மடித்துக் கட்டவோ சுருட்டிக்கொள்ளவோ தோதான உடுப்பும் போதும். தரை முழுக்க மீன் தண்ணீரும் ஐஸ் கரைசலும் ஓடும். பட்டையான துணி ஷூ போட்டுப் போனால் அந்த வாடை வாரக்கணக்கில் போகாது.

சசூன் டாக்: விடிவதற்கு முன்

கொலாபாவின் தென்பகுதியில் இருக்கிறது. சசூன் குடும்பம் 1875-இல் கட்டிய இந்த டாக் பருத்தி வணிகத்துக்காக எழுந்தது, மேற்கு இந்தியாவின் முதல் ‘வெட் டாக்’, அதாவது கடல் வற்றினாலும் உள்ளே நீர் நிற்கும் துறை. இன்று நகரத்தின் பெரிய மீன் இறங்குதளங்களில் ஒன்று. அதிகாலை ஐந்துக்குள் அங்கே இருக்க வேண்டும். ஏழு மணிக்குப் போனால் ஏலத்தின் பெரும்பகுதி முடிந்து, லாரியில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். சிஎஸ்எம்டியிலிருந்து டாக்ஸி பிடித்து, மணிக்கூண்டு வைத்த வாசலில் இறங்குங்கள்.

உள்ளே போனதும் ஓரமாக நில்லுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விசைப்படகுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். படகிலிருந்து கரைக்கு மீன் கூடைகளைக் கையால் வீசுவார்கள். கீழே ஒருவர், மேலே ஒருவர், இடையில் ஒருவர். கூடை காற்றில் வந்து அடுத்தவர் கையில் விழும், காலிக் கூடை அதே வேகத்தில் திரும்பிப் போகும். அந்தப் பாதையில் போனை நீட்டிக்கொண்டு நின்றால் அவர்களுக்கும் ஆபத்து, உங்களுக்கும் அடி. கைவண்டிக்காரர் பின்னாலிருந்து குரல் கொடுத்தால் யோசிக்காமல் விலகிவிடுங்கள், பாரம் ஏற்றிய வண்டியை ஈரத்தரையில் நிறுத்த முடியாது.

படம் எடுப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நுழையாதீர்கள். முகம் தெரியும்படி யாரையும் எடுப்பதற்கு முன் கேளுங்கள். இந்த ஊர் மீனவச் சமூகமான கோலிகளின் பெண்கள் வேலை செய்யும் இடம் அது, வேடிக்கை காட்டும் இடம் இல்லை என்பது அவர்கள் குரலிலேயே தெரியும்.

ஏலம் கூடைக் கணக்கில் நடக்கும். குவியலைச் சுற்றிப் பெண்கள் வளைத்து நிற்பார்கள். விலை சில நொடிகளில் ஏறி முடிந்துவிடும். மராத்தி தெரிந்தாலும் முதல் தடவை பிடிபடாது. ஒரு குவியலை மட்டும் தேர்ந்து அதையே பாருங்கள், மூன்றாவது நான்காவது ஏலத்தில் யார் விற்கிறார், யார் கேட்கிறார் என்று பிரிந்து தெரிய ஆரம்பிக்கும். கொஞ்சம் தள்ளி, கூரைக்குக் கீழே, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து இறால் உரிப்பார்கள். தலையைத் திருகுவது, ஓட்டை நகத்தால் பிளப்பது, சதையைப் பாத்திரத்தில் போடுவது எல்லாம் ஒரே அசைவு. ஒரு இறாலுக்கு இரண்டு நொடி ஆகாது.

வீட்டுக்கு மீன் வாங்குவதானால் ஏலத்தில் கை வைக்க வேண்டாம். ஏலத்தில் எடுத்ததைப் பிரித்து விற்கும் பெண்கள் ஓரத்திலும் வாசலுக்கு வெளியிலும் இருப்பார்கள். சின்ன மீன் ‘வாட்டா’ கணக்கில், அதாவது கூறு கட்டி விற்கும். “மாவ்ஷி, வாட்டா கித்திலா?” என்று கேட்டால் போதும். மாவ்ஷி என்பது நம் சித்தி போன்ற அழைப்பு, அப்படிக் கூப்பிட்டால் பேரம் மரியாதையாகத் தொடங்கும். வெட்டித் தர வேண்டுமென்றால் “காபூன் த்யா” என்று சொல்லுங்கள்.

பெயர்தான் பலரையும் குழப்பும். சுர்மை என்பது வஞ்சிரம். பாப்லேட் என்றால் வாவல், நம்மூரில் பலர் வவ்வால் மீன் என்பது. ஹல்வா என்று கேட்டுப் பயப்பட வேண்டாம், கருவாவல். பாங்க்டா, கானாங்கெளுத்தி. தார்லி, மத்தி. ராவஸ், காலா. ஜிதாடா, கொடுவா. மாக்குல், கணவாய். கோலம்பி, இறால். பொம்பிலுக்கு மட்டும் நம்மூர்ச் சமையலில் நேர் இணை கிடையாது. பம்பாய்க்கு வந்தவர்கள் சாப்பிட்டே தீரவேண்டிய மீனும் அதுதான்.

பொம்பில் உடம்பு முழுக்க நீர். வாங்கி வந்து அப்படியே மசாலா தடவி எண்ணெயில் போட்டால் எண்ணெய் தெறிக்கும், மீன் கூழாகிவிடும். பத்து மீன் என்றால் தலையும் துடுப்பும் நீக்கி, வயிற்றுப் பக்கம் நீளமாகக் கீறி, நடு முள்ளை எடுத்து, புத்தகம் போல விரியுங்கள். லேசாக உப்பு தூவி, இரண்டு துணிகளுக்கு நடுவே பரப்பி, மேலே தட்டும் அம்மிக் குழவி போன்ற பாரமும் வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். துணி நனைந்து தண்ணீர் வடியும். பிறகு இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு எலுமிச்சையின் சாறு, இஞ்சி பூண்டு விழுது ஒரு தேக்கரண்டி தடவிப் பத்து நிமிடம் வையுங்கள். அரிசி மாவும் ரவையும் சம அளவு கலந்து புரட்டி, தோசைக்கல்லில் மிதமான தீயில் இரண்டு பக்கமும் சுட்டெடுங்கள். மாவில் புரட்டியபின் காத்திருக்கக் கூடாது. மீண்டும் நீர் விட்டு மேல்மாவு கழன்றுவிடும்.

ரயிலில் மீன் கொண்டு வருவதானால் ஐஸ் போட்டு மூடிய பெட்டியில் வைத்து, சாமான் டப்பாவில் ஏறுங்கள். அந்த டப்பா வியாபாரச் சரக்கு கொண்டு போகிறவர்களுக்கானது. மற்ற பெட்டியில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள், அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

கேட்வே: சூரியன் நீரிலிருந்து எழும் இடம்

பம்பாயில் சூரியன் கடலில் மறையும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கேட்வே ஆஃப் இந்தியா கிழக்கு பார்த்தது. மெரினாவைப் போலவே நீர்ப்பரப்புக்கு அப்பால் சூரியன் எழும். ஜனவரியில் ஏழேகாலை ஒட்டியும், மே கடைசியில் ஆறு மணிக்கும் உதயம். சசூன் டாக் முடித்துவிட்டு நடந்தே வந்துவிடலாம், அல்லது டாக்ஸியில் ஐந்து நிமிடம்.

ஐந்தாம் ஜார்ஜ் 1911-இல் வந்திறங்கியதன் நினைவாகத் திட்டமிட்ட வளைவு இது. அவர் வந்தபோது கட்டடமே கிடையாது, அட்டையில் செய்த மாதிரியைத்தான் பார்த்தார். ஜார்ஜ் விட்டெட் வடிவமைத்து, மஞ்சள் எரிமலைப் பாறையில் எழுந்து, 1924 டிசம்பர் 4-இல் திறந்தது. உயரம் 26 மீட்டர். 1948 பிப்ரவரி 28 அன்று கடைசிப் பிரிட்டிஷ் படைப்பிரிவு இதன் வழியாகவே நடந்து போய்க் கப்பலேறியது. பக்கத்தில் நிற்கும் தாஜ் ஹோட்டல் அதைவிட மூத்தது, 1903.

எலிஃபண்டா: அவசரப்படாமல் அரை நாள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் துறைமுகத்துக்குள் இருக்கும் இந்தக் குகைத் தீவுக்குப் போங்கள். சிவனை இத்தனை வடிவில், இத்தனை பெரிதாக, ஒரே கூரையின் கீழ் பார்க்க வேறு இடம் தேட வேண்டும். மராத்தியில் காராபுரி.

திங்கட்கிழமை குகை மூடியிருக்கும். மழைக்காலத்தில் காற்று எழுந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். ஞாயிறு கூட்டம் தாங்காது. செவ்வாய் முதல் வெள்ளி வரை ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, காலை ஒன்பது மணிப் படகைப் பிடியுங்கள். டிக்கெட் கேட்வேயின் கவுண்டரில் மட்டும் வாங்குங்கள், வழியில் மடக்குபவரிடம் வேண்டாம். போகவும் வரவும் சேர்த்த டிக்கெட், ஒருவருக்கு முந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். மேல்தளத்தில் உட்காரப் படகிலேயே சில்லறை கேட்பார்கள். தீவில் ஊராட்சிக்கு ஒரு சிறு கட்டணம், குகை வாசலில் தொல்லியல் துறைக்கு இந்தியர்களுக்கு 40 ரூபாய். பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் குகைக் கட்டணம் இல்லை. சில்லறை நோட்டாகக் கொண்டு போங்கள். திரும்பும் வரை டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள்.

ஏறியவுடன் உயிர்காப்பு ஜாக்கெட்டை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். புழுக்கமாக இருக்கிறது என்று மடியில் வைத்துக்கொள்பவர்கள் நிறைய. 2024 டிசம்பர் 18 அன்று இதே தடத்தில் கடற்படையின் விரைவுப்படகு மோதிப் பயணிகள் படகு கவிழ்ந்து பதினைந்து பேர் இறந்தார்கள். பிள்ளைகளுக்குச் சரியான அளவு ஜாக்கெட் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த படகுக்குப் போங்கள்.

கிளம்பும்போது இடது பக்கம் கடற்படைத் தளம் தெரியும். அதைப் படம் எடுக்காதீர்கள். அந்தக் கரையின் பழைய கட்டும் துறையில்தான் வாடியா குடும்பத்துத் தச்சர்கள் தேக்கு மரத்தில் கப்பல் கட்டினார்கள். 1817-இல் இங்கே கட்டிய ட்ரிங்கோமலி என்கிற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் மிதக்கிறது. தேக்கு உப்புநீரில் எத்தனை காலம் தாங்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. போகப்போக எண்ணெய்க் கப்பல்கள் அணையும் ஜவஹர் தீவும், தூரத்தில் நாவா ஷேவாவின் பெரிய கிரேன்களும் தெரியும். ஒரு மணி நேரப் பயணம்.

இறங்கியதும் நீண்ட பாலம், அதில் பொம்மை ரயில் உண்டு. பிறகு சுமார் 120 படிகள், இரண்டு பக்கமும் கடைகள். முழங்கால் வலி இருக்கும் பெரியவர்களுக்கு டோலி கிடைக்கும், ஏறுவதற்கு முன்பே போகவர எவ்வளவு என்று பேசிவிடுங்கள். குரங்குகள் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் பாட்டிலையும் பறிக்கும். பையை மூடியே வைத்திருங்கள், கையில் எதையும் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள்.

முதல் குகைதான் உயிர். ஆறாம் நூற்றாண்டை ஒட்டியது, யுனெஸ்கோ பட்டியலில் 1987-இல் சேர்ந்தது. பெரும்பாலோர் நேராக நடுவில் இருக்கும் மூன்று முகத்துக்குப் போய்ப் படம் எடுத்துவிட்டு இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே எதுவும் தெரியாது. வடக்கு வாசலுக்குள் நுழைந்து ஒரு தூணோரம் ஐந்து நிமிடம் உட்காருங்கள். கண் பழகப் பழகச் சுவரிலிருந்து உருவங்கள் மெதுவாக வெளியே வரும்.

பார்க்கும் வரிசை இது. வாசலிலேயே வலது பக்கம் ஆடும் சிவன். தில்லைக் கூத்தனைச் செப்புத் திருமேனியில் பார்த்துப் பழகிய நமக்கு, கைகள் சிதைந்த இந்தக் கல் உருவம் முதலில் அடையாளம் தெரியாது. இடுப்பின் வளைவைப் பாருங்கள், ஆட்டம் தெரிந்துவிடும். எதிர்ப்பக்கம், இடதில், தாமரையில் அமர்ந்த யோகி. ஆட்டமும் அசைவின்மையும் வாசலின் இரு பக்கம். அங்கிருந்து நேராகத் தெற்குச் சுவர். நடுவில் சதாசிவம், கிட்டத்தட்ட இருபது அடி. உங்கள் இடது பக்கம் தெரியும் முகம் அகோரம், மீசையும் பாம்பும் கபாலமும். வலது பக்கம் வாமதேவம், கையில் தாமரை, பெண்மையின் சாயல். நடுவில் தத்புருஷம், கண் மூடிய அமைதி. நாலாவது முகம் பின்னால் பாறைக்குள், ஐந்தாவது உச்சியில், இரண்டும் காட்டப்படாதவை. சதாசிவத்துக்கு இடது பக்கம் அர்த்தநாரி, வலது பக்கம் கங்கையைச் சடையில் தாங்குபவர். மேற்குப் பகுதியில் லிங்கம் இருக்கும் கருவறை. நாலு பக்கமும் வாசல், ஒவ்வொன்றிலும் ஆளுயரத்தைத் தாண்டிய துவாரபாலகர்கள். அதன் அருகே கல்யாணசுந்தரர். மணமகளாக நிற்கும் பார்வதி தலை சற்றுக் குனிந்திருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். அந்தகனை வதைக்கும் சிவனும் அந்தப் பக்கமே. கிழக்கில் கயிலையில் இருவரும் அமர்ந்த காட்சியும், எதிரே கயிலையைத் தூக்கும் இராவணனும். இவ்வளவுக்கும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

தீவுக்கு இந்தப் பெயர் தந்த கல்யானை அங்கே இல்லை. அது பைக்குல்லாவில், ஜிஜாமாதா உத்யானில், பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்துக்கு வெளியே நிற்கிறது. அருங்காட்சியகத்துக்கும் தோட்டத்துக்கும் புதன் விடுமுறை. எலிஃபண்டாத் தீவின் கிராமத்துக்குக் கடலடிக் கேபிள் வழியாக மின்சாரம் வந்ததே 2018-இல்தான். இரவு தங்கப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. மாலை ஐந்து மணிக்குள் படகுத்துறைக்கு இறங்கிவிடுங்கள், கடைசிப் படகை நம்பி இருக்க வேண்டாம்.

பல்லார்ட் எஸ்டேட், டாக் சுவர்

எலிஃபண்டாவிலிருந்து மூன்று மணிக்குள் திரும்பினால் சிஎஸ்எம்டி பக்கம் நடக்கும் வழியில் பல்லார்ட் எஸ்டேட்டைச் சுற்றலாம். 1914-இல் திறந்த அலெக்சாண்ட்ரா டாக்கை, இன்றைய இந்திரா டாக்கை, தோண்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கிய நிலம் அது. ஒரே சீரான உயரத்தில் கட்டடங்கள், மரநிழல், ஞாயிறன்று முழு அமைதி.

டாக்குகளுக்கு உள்ளே பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. சுவருக்கு வெளியே நின்று தெரிந்துகொள்ள வேண்டியது 1944 ஏப்ரல் 14. விக்டோரியா டாக்கில் பருத்தியும் 1,400 டன் வெடிபொருளும் ஒன்றாக ஏற்றி நின்ற ஃபோர்ட் ஸ்டைக்கின் என்ற கப்பலில் தீப்பிடித்து வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், அவர்களில் தீயணைப்பு வீரர்கள் பலர். நாடு முழுக்க ஏப்ரல் 14-இல் தீயணைப்பு வாரம் தொடங்குவது அவர்கள் நினைவாகத்தான்.

சிவ்ரி: நாரைகளுக்கு நேரம் உண்டு

நவம்பர், டிசம்பர் தொடங்கி மே வரை சிவ்ரி, தாணே சிற்றோடைச் சேற்றில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். போய்விட்டு ஒன்றையும் காணவில்லை என்று சொல்பவர்கள் தப்பான நேரத்தில் போனவர்கள். முழு வற்றத்தில் பறவைகள் சேற்றின் கடைசி விளிம்பில், வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும். முழு ஏற்றத்தில் கால் ஊன்ற இடமில்லாமல் வேறு இடம் போய்விடும். ஏற்றத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்போ பின்போ போனால் கரைக்கு அருகே வரும்.

அதோடு வெளிச்சமும் கணக்கில் வேண்டும். சேறு கிழக்கே விரிகிறது. காலையில் போனால் சூரியன் நேரே கண்ணில், பறவைகள் கறுத்துத் தெரியும். பகலுக்குப் பின் போனால் வெயில் உங்கள் முதுகிலிருந்து அவற்றின் மேல் விழும், இளஞ்சிவப்பு நிறம் அப்போதுதான் தெரியும். ஆக, திருதியை முதல் பஞ்சமி வரை நல்ல நாட்கள். சதுர்த்தியன்று மூன்று மணிக்கு ஏற்றம், ஐந்து மணிக்கு இறங்கும் கடலில் பறவைகள் சேற்றுக்குத் திரும்பும்.

சிவ்ரி ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கி, டாக்ஸியிலோ நடந்தோ படகுத்துறை வரை போகலாம். 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது இங்கிருந்துதான் கடலைத் தாண்டுகிறது, 21.8 கிலோமீட்டர். துறைமுக நிலம் என்பதால் அடையாள அட்டை வைத்திருங்கள். பைனாகுலர் இல்லாமல் போக வேண்டாம். சேற்றில் இறங்காதீர்கள், முழங்காலுக்கு மேல் அமிழும். படகில் போய்ப் பார்க்க விரும்பினால் ஐரோலியில் உள்ள வனத்துறை மையத்தில் சவாரி உண்டு, அதுவும் ஓத நேரத்தைப் பொறுத்தே ஓடும்.

மாண்ட்வா, அலிபாக்: மூன்றாவது நாள் இருந்தால்

துறைமுகத்தின் எதிர்க்கரையில் இருக்கும் மாண்ட்வாவுக்கு இரண்டு வழி. அலிபாக்குக்கு அங்கிருந்து சாலையில் போக வேண்டும். கேட்வேயிலிருந்து சிறு படகு. இல்லையென்றால் மஸ்காவ் பக்கத்தில் பாவுச்சா தக்கா என்கிற படகுத்துறையிலிருந்து காரும் பைக்கும் ஏற்றும் ரோ-ரோ கப்பல், 2020 மார்ச்சிலிருந்து ஓடுகிறது. இரண்டும் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான். கைக்குழந்தையும் பெரியவர்களும் கூட வந்தால் ரோ-ரோவே நல்லது, ஆட்டம் குறைவு. தக்காவுக்கு டாக்யார்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி டாக்ஸி. கேட்வே படகில் போனால், டிக்கெட்டிலேயே அலிபாக் வரை பஸ் சேர்ந்திருக்கிறதா என்று கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அலிபாக்கின் கடலுக்குள் நிற்கும் கொலாபா கோட்டைக்குத்தான் (மும்பையின் கொலாபா வேறு) திதிக் கணக்கு உயிர்க்கணக்கு. சிவாஜி காலத்தில் கட்டத் தொடங்கியது, பிறகு கான்ஹோஜி ஆங்கரேயின் கடற்படைத் தளம். வற்றத்தில் மணலில் நடந்தே போகலாம், குதிரைவண்டியும் உண்டு. ஏற்றத்தில் சுற்றிலும் கடல். திருதியை, சதுர்த்தி போன்ற நாட்களில் காலை எட்டரை ஒன்பதை ஒட்டி வற்றம். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே நடக்க ஆரம்பித்து, வற்றம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். கோட்டைக்குள் நல்ல தண்ணீர்க் கிணறும் கணபதி கோயிலும் பார்த்துக்கொண்டு நேரத்தை மறப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். குதிரைவண்டிக்காரர் “போதும், வாங்க” என்று கூப்பிட்டால் அதற்கு மேல் ஒரு படமும் எடுக்காமல் கிளம்புங்கள். காலை வற்றத்துக்கு மும்பையிலிருந்து அன்றே கிளம்பிப் போய்ச் சேர்வது கடினம், முந்தின இரவு அலிபாக்கில் தங்குங்கள். ஹாஜி அலி தர்காவின் பாதையும் இதே போல ஏற்றத்தில் மூழ்கும் என்பதால் அங்கேயும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

மழை மாதங்கள்

ஜூன் முதல் ஆகஸ்ட் கடைசி வரை கேட்வே–மாண்ட்வா சிறு படகுகள் நின்றுவிடும். மேற்குக் கரையில் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இருப்பதை வைத்துக் கணக்குப் போட்டு ஜூலையில் சசூன் டாக் போனால் காலி மேடைதான். பள்ளி விடுமுறைக்கு வரும் சொந்தங்களுக்கு மே மாதம் சரி, புழுக்கம் அதிகம், படகில் தொப்பியும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் வேண்டும். சிறந்த காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை.

மழையிலேயே வந்துவிட்டால் பைக்குல்லா கல்யானை, பல்லார்ட் எஸ்டேட், மாட்டுங்காவில் கஃபே மெட்ராஸிலோ ராம் ஆசிரயாவிலோ ஒரு காலை டிபன், கேட்வே சுவரில் மோதும் அலை என்று நாளை நிரப்பலாம். ஆவணிப் பௌர்ணமியை ஒட்டி நாரளி பூர்ணிமா வரும். கோலிகள் வண்ணம் பூசிய படகுகளோடு கரையில் கூடி, கடலுக்குத் தேங்காய் படைப்பார்கள். கொலாபா, வர்லி கோலிவாடாக்களில் அதைப் பார்க்கலாம். அதற்குப் பிந்தைய வாரங்களில் சசூன் டாக்குக்குப் போனால், இரண்டு மாத ஓய்வுக்குப் பின் கிடைத்த கொழுத்த மீன் கூடை கூடையாக இறங்கிக்கொண்டிருக்கும்.